புறப்படும் முன் எழுதிப் பாருங்கள்



சயான் என்ற பெயரை எல்லோரும் சொல்கிறோம். இந்த ஊரை மராத்தியில் 'ஷீவ்' என்பார்கள். அதற்கு 'எல்லை' என்று பொருள். முன்காலத்தில் மும்பைத் தீவு இங்கேதான் முடிந்தது. அப்பால் இருந்தது சால்செட் தீவு. அந்த எல்லை ஊருக்குத்தான் நம் மக்கள் மாநில எல்லைகளைத் தாண்டி வந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தமிழர்கள் தாராவிக்கு வந்துவிட்டார்கள். 1913இல் அங்கே பிள்ளையார் கோயிலும் கட்டப்பட்டது. முன்னால் வந்தவர் பின்னால் வருபவருக்கு இடம் பார்த்துக் கொடுத்தார். ஆனால் பிள்ளைகுட்டிகளோடு குடும்பமே இடம் மாறுவது வேறு. ஒருவர் வேலைக்கு வருவது வேறு. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் தாராவியில் இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறார். மனைவி தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். மகள் ஒன்பதாம் வகுப்பு. மகன் நாலாம் வகுப்பு. கூடவே மாமியார். ஒருநாள் கணவர் போனில் சொல்கிறார்: "கோலி ஒண்ணு வாடகைக்குக் கிடைக்கும் போல இருக்கு. எல்லாரும் கெளம்பி வந்துருங்க."

மனைவிக்கு உடனே கிளம்ப ஆசை. ஆறு வருஷமாகத் தனித்தனிச் சமையல். ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. மகளின் பழைய நோட்டை எடுத்தாள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் 'ஊரில்' என்றும், மறுபக்கம் 'மும்பையில்' என்றும் எழுதினாள்.

முதலில் எழுதியது ரேஷன். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அதன்படி நம் அட்டைக்கு மும்பையிலும் கைரேகை வைத்து அரிசி, கோதுமை வாங்கலாம். ஆனால் எல்லா அட்டைக்கும் இது கிடையாது. அட்டையில் 'பிஎச்எச்' என்று முன்னுரிமைக் குறியீடு இருக்க வேண்டும். அந்தியோதயா அட்டையானாலும் சரி. 'என்பிஎச்எச்' என்றால் கிடைக்காது. முன்னுரிமை அட்டைக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம். தமிழ்நாடு அரசு தனியாகக் கொடுக்கும் பருப்பும் எண்ணெயும் மும்பைக் கடையில் வராது. இன்னொரு நல்ல செய்தி: ஒரே அட்டையில் பாதியை இங்கேயும் மீதியை ஊரிலேயும் வாங்கலாம். ஆகவே ஆதாரோடு சேர்ந்திருக்கிற அட்டையை அவசரப்பட்டு ஒப்படைத்துவிடாதீர்கள்.

அடுத்து, கைக்கு வரும் பணம். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். முதியோர் உதவித்தொகை அதே ஆண்டில் 1,200 ரூபாய் ஆனது. இவை தமிழ்நாட்டில் வாழ்பவர்களுக்கு உரியவை. இரண்டும் நின்றால் மாதம் 2,200 ரூபாய் போகும். ஆண்டுக்கு 26,400 ரூபாய். அவள் இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு அடியில் கோடு போட்டாள்.

மூன்றாவது, பள்ளிக்கூடம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு வரை தமிழ் இருக்கிறது என்று கணவர் நேரில் போய்க் கேட்டு வர வேண்டும். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மராட்டியத்தில் எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயப் பாடம். மகன் சின்னவன். தெருவில் விளையாடியே மராத்தி கற்றுக்கொள்வான். மகள் நிலை அப்படியில்லை. அடுத்த ஆண்டு அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. புதிய பாடத்திட்டம், புதிய மொழி, ஒரே ஆண்டு. தோற்றால் யாருக்கு நஷ்டம்?

எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்குக் கல்வி உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. வேறு மாநிலம் போனாலும் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லி புதிய பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. என்றாலும் வேறு மாநிலம் என்பதால் கல்வி அலுவலர் கையெழுத்தும் கேட்கலாம். ஊரில் இருக்கும்போதே வாங்கி விடுங்கள். இங்கே வந்தபின் ஒரு கையெழுத்துக்காக ஒன்றரை நாள் ரயிலில் போக வேண்டியிருக்கும்.

நாலாவது, சாதிச் சான்றிதழ். இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர், வேறு மாநிலத்தில் குடியேறினால், அந்த மாநில அரசின் இட ஒதுக்கீட்டைப் பெற முடியாது. 1990இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்டு வந்த வழக்குதான். 2018இலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மராட்டிய அரசு வேலைக்கு ஊர்ச் சான்றிதழ் செல்லாது என்று அப்பாவும் அம்மாவும் தெரிந்துகொண்டுதான் முடிவு எடுக்க வேண்டும். மத்திய அரசு வேலைக்கு ஊர்ச் சான்றிதழ் உதவும். ஆகவே சாதிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் வாங்காமல் ரயில் ஏறாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். அந்தப் பை கையிலேயே இருக்கட்டும்.

ஐந்தாவது, வீடு. இதைக் கணவர்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது? எவ்வளவு நேரம்? கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்கு ஒன்று? மழைக்குத் தண்ணீர் உள்ளே ஏறுமா? பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டால் உண்மை தெரியும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்த வெள்ளத்தைக் கண்டவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பதிவும் செய்ய வேண்டும். அது வீட்டுக்காரர் பொறுப்பு என்று 1999ஆம் ஆண்டு மராட்டிய வாடகைச் சட்டம் சொல்கிறது. டெபாசிட் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தாராவியைப் புதிதாகக் கட்டும் திட்டம் நடக்கிறது. 1-1-2000க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று உள்ளவருக்குத்தான் அங்கே இலவச வீடு என்பது விதி. 'இப்போது இந்தக் குடிசையை வாங்கினால் நாளைக்கு மாடி வீடு' என்று தரகர் சொன்னால் நகையை அடகு வைக்காதீர்கள். வாடகைக்கு வருபவரும், இந்த இடத்தை எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாகப் பயணம். மே மாதம் நல்ல மாதம். ஊரில் பள்ளி முடிந்திருக்கும். இங்கே ஜூனில் பள்ளி திறக்கும். மழையும் ஜூனில்தான் பிடிக்கும். ஆனால் மே மாதத்தில் கூட்டம் அதிகம். 60 நாளுக்கு முன்பே ரயில் டிக்கெட் எடுக்கலாம். தூங்கும் வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ சாமான் இலவசம். அதற்கு மேல் என்றால் லக்கேஜ் ஆபீசில் பதிந்து பணம் கட்ட வேண்டும். ஆட்டுக்கல்லையும் அண்டாவையும் ஊரிலேயே விடுங்கள். கேஸ் இணைப்பை ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாற்றுச் சீட்டையும் வாங்குங்கள். இங்கே நிலைத்த பிறகு படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றுங்கள். இரண்டு ஊரில் பெயர் இருக்கக் கூடாது.

இனி அந்தக் குடும்பத்துக்கு வருவோம். நோட்டில் நாலு பக்கம் நிறைந்துவிட்டது. இரவு சாப்பிட்ட பிறகு அவள் மாமியாருக்குப் படித்துக் காட்டினாள். மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஏளா, நீ பயலக் கூட்டிக்கிட்டு அவங்கிட்டப் போ. புள்ள பத்து முடிக்கட்டும். நான் அவளப் பாத்துக்கிடுதேன். எனக்கும் இந்த வீட்ட விட்டுட்டு அங்க வந்து என்ன சோலி?"

மகள் அழுதாள். அம்மாவுக்கும் கண் கலங்கியது. ஒரு வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை. "நீயே சொல்லு, தாயி. உனக்கு வேண்டாம்னா நானும் போகல" என்றாள் அம்மா. மகள் நோட்டை வாங்கி, மறுபடி ஒருமுறை படித்தாள். 'பத்தாம் வகுப்பு' என்ற வரிக்கு நேரே, 'ஊரில்' என்ற பக்கத்தில், தானே ஒரு டிக் போட்டாள்.

மறுநாள் அம்மா கணவருக்குப் போன் செய்தாள். "மே மாசம் நானும் பயலும் வாரோம். அடுத்த மே மாசம் அவ வருவா. அதுக்குள்ள நீங்க பள்ளிக்கூடத்தையும் தண்ணிக் குழாயையும் பாத்து வைங்க."

தாய்மார்களே! எல்லாக் குடும்பத்துக்கும் இதே முடிவு பொருந்தும் என்று இல்லை. ஒரு வீட்டில் எல்லோரும் சேர்ந்து வருவது சரியாக இருக்கும். இன்னொரு வீட்டில் யாருமே வராமல் இருப்பது சரியாக இருக்கும். ஆனால் எழுதிப் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டி எடுத்த முடிவில் பிறகு ஒருவரை ஒருவர் குறை சொல்ல இடமில்லை. கற்ற எழுத்து கடிதம் எழுத மட்டுமல்ல. வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கவும்தான்.

கூடிப் பேசுங்கள்:
1. உங்கள் ரேஷன் அட்டையில் என்ன குறியீடு இருக்கிறது?
2. நீங்கள் ஊரிலிருந்து வந்தபோது எந்தச் சான்றிதழை விட்டுவிட்டு வந்தீர்கள்? அதனால் என்ன சிரமம்?
3. உங்கள் வீட்டில் இடம் மாறும் முடிவை யார் எடுத்தார்கள்? பிள்ளைகளைக் கேட்டீர்களா?