தக்கைப் பிடியும் மும்பை மழையும்

காலையில் தாராவியினின்று புறப்படும் இட்லி மிதிவண்டிகளை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நேயர்கள் நன்கறிவர். பின்புறத்தில் கனத்த இட்லிப் பாத்திரம். ஹேண்டில்பாரில் தொங்கும் சட்னித் தூக்கு. இடையிடையே ஊதுகுழலின் ஓசை. இவ்வளவு பாரத்தையும் திருப்புவதும் தள்ளுவதும் இரு கைப்பிடிகளின் வழியாகத்தான். அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆதலின் நாம் சிறிது பேசுவோம்.

வழக்கத்தில் உள்ளவை ரப்பர்ப் பிடியும் பிளாஸ்டிக் பிடியுமே. வியர்வையில் வழுக்கும், நாட்பட்டால் பிசுபிசுக்கும். கடினமான பிடியில் உள்ளங்கை நெடுநேரம் அழுந்தினால், நரம்பு நெருக்குண்டு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதுண்டு. இக்குறைகளைத் தணிப்பதற்கு உகந்தது தக்கைப் பிடி. போர்த்துகல் முதலிய நாடுகளில் ஒருவகை ஓக் மரத்தை வெட்டாமலே, ஏறத்தாழ 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்தெடுக்கும் பட்டையே தக்கை. 1665இல் ராபர்ட் ஹூக் உருப்பெருக்கியில் கண்டு 'செல்' எனப் பெயரிட்ட சிற்றறைகள் தக்கையினுடையவை. அவற்றுள் அடைபட்ட காற்றுத்தான் கைக்கு மெத்தையாகிறது.

ஆனால் வெறுந்தக்கை அழுக்கேறிக் கறுக்கும், விளிம்பில் உதிரும். இதற்கு நம் நாட்டு அவலரக்கே மருந்து. தச்சர்கள் பாலிஷுக்கு வாங்கும் பொருள்தான். 100 மில்லி ஸ்பிரிட்டில் 10 கிராம் அரக்கை இட்டு ஓரிரவு ஊறவிடுக. அடுப்பு அருகில் இருத்தல் ஆகாது. ஒற்றையறை வீடுகளில் இதை மறத்தல் பெருந்தீங்கு. பிடியை நயமான உப்புத்தாளால் தேய்த்து, குழிகளில் அத்தூளையே அரக்குக் கரைசலில் குழைத்து அடைத்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, ஒன்று உலர்ந்தபின் ஒன்றாகத் தடவுக. கனமாகப் பூசினால் மெத்தையும் போகும், பிடிப்பும் போகும். கண்ணாடிபோல் பளபளக்கும் பிடி பார்வைக்கு அழகு, வேலைக்கு உதவாது.

ஆனி முதல் ஆவணி வரை பூச்சு வேலை வேண்டா. ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துப்போகும். சென்ற ஆண்டின் மிச்சக் கரைசலும் சரிவர உலராது. மழை ஓய்ந்தபின், புதிதாகக் கரைத்ததே நலம். சோடாவும் சோப்பும் அரக்கைக் கரைக்குமாதலால், பாத்திரம் துலக்கிய கையோடு பிடியைத் தொடுவோர், மேலே தேன்மெழுகு தேய்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

அரக்குக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் பூசுவோரும் உளர். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நெருங்கிய பட்டறைகளில் இதனினும் அஞ்சத்தக்கது வேறில்லை. துணியை விரித்து வெளியில் உலர்த்துக. அன்றேல் நீரில் அமிழ்த்துக.

பிடியை ஒட்டுவதற்குத் தச்சரின் வச்சிரம் ஆகாது. முதல் மழையிலேயே இளகும். நீர்புகாப் பசையே தேவை. நாள்தோறும் பாரம் ஏற்றுமுன் பிடியை முறுக்கிப் பாருங்கள். சுழன்றால் அதனைச் சரிசெய்த பிறகே பாத்திரம் ஏறட்டும்.