அரிசிப் பூஞ்சையில் கிடைத்த மாத்திரை

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் கிளார்க் வேலை. ஆனால் நம்மில் பலர் இரவில் போட்டுக்கொள்ளும் கொழுப்பு மாத்திரை எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அதற்கு வழி திறந்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய உயிர்வேதியியலாளர். 1933-ல் அகிட்டா பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1957-ல் சாங்க்யோ என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1966 முதல் இரண்டு ஆண்டுகள் நியூயார்க்கில் ஆராய்ச்சி செய்தபோது, மாரடைப்பு வந்தவர்களை ஏற்றிச் செல்ல ஆம்புலன்ஸ் வருவதை அடிக்கடி பார்த்தார். கொலஸ்ட்ராலைக் குறைக்க நல்ல மருந்து இல்லாத காலம் அது.

எண்ணெய் தண்ணீரில் கரையாது அல்லவா? ரத்தத்திலும் கொழுப்பு தனியாகக் கரையாது. அதனால் உடம்பு அதைப் புரதத்தோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. அந்தப் பொட்டலம்தான் லிப்போபுரோட்டீன். லேப் ரிப்போர்ட்டில் வரும் எல்.டி.எல்., எச்.டி.எல். எல்லாம் அதன் வகைகள். எல்.டி.எல். மிகுந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அடைப்பில் கொண்டுபோய் விடும். கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டில் வருவதில்லை, உடம்பே தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய நொதியைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சையில் இருக்கும் என்று எண்டோ நம்பினார்.

1971-ல் தேடத் தொடங்கி, 6,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்தார்கள். கடைசியில் கியோட்டோ தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அது கிடைத்தது. பெயர் காம்பாக்டின். அதுவே முதல் ஸ்டாட்டின்.

எலிகளுக்குக் கொடுத்தால் கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஃபைலை மூடியிருப்பார்கள். 1976-ல் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதியாக இறங்கியது!

1978-ல் ஒசாகாவில் டாக்டர் அகிரா யமமோட்டோ, பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த 18 வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தார். கொலஸ்ட்ரால் குறைந்தது, ஆனால் தசை பலவீனம் வந்தது. டாக்டர் மருந்தை நிறுத்தி, உடம்பு தேறியதும் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். நிறுத்தியதும் தொடங்கியதும் டாக்டர் என்பதைக் கவனியுங்கள்.

காம்பாக்டின் கடைக்கு வரவேயில்லை. அதே வழியில் மெர்க் கம்பெனி கண்ட லோவாஸ்டாட்டின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நாம் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எல்லாம் அந்தக் குடும்பமே. எண்டோவுக்கு 2008-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. 2024-ல், 90 வயதில் காலமானார்.

நம்மில் சர்க்கரை உள்ளவர்கள் இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சர்க்கரை நோயில் டிரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும், எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்த்தியாகும். ரிப்போர்ட்டில் எல்.டி.எல். எண் சாதாரணமாகவே தெரியலாம், ஆனால் ஆபத்து இருக்கும். பிரிட்டன், அயர்லாந்தில் 2,838 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. அவர்களுக்கு முன்பு இதய நோய் கிடையாது, எல்.டி.எல்.லும் அதிகமில்லை. அப்படியும் தினம் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 37 சதவீதம் குறைந்தன.

ஸ்டாட்டின் சிலருக்குச் சர்க்கரையைச் சற்று ஏற்றும் என்பதும் உண்மை. லாப நஷ்டக் கணக்குப் போட்டுத்தான் டாக்டர் எழுதித் தருகிறார்.

காலை நடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "ரிப்போர்ட் நார்மல் சார், மாத்திரையை நிறுத்திட்டேன்." மாதாமாதம் பென்ஷன் வரவு வைப்பதால்தான் பாஸ்புக்கில் பாலன்ஸ் நிற்கிறது. பாலன்ஸ் இருக்கிறதே என்று பென்ஷனை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்போமா? ரிப்போர்ட் நார்மலாக இருப்பதே மாத்திரையின் வேலைதான்.

தசை வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், வேறு மாத்திரை மாற்றுவார். நடையையும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் விடாதீர்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.