அடம்பன் பூவும் ஒரு பென்சிலும்



சித்திர பாடத்தில் பூ வரையச் சொன்னால் நாங்கள் எல்லோரும் ஒரே பூவைத்தான் வரைவோம்: நடுவில் ஒரு வட்டம், சுற்றிவர ஐந்து இதழ்கள். “இந்தப் பூ மன்னாரில் எங்கே பூக்கிறது?” என்று ரீச்சர் ஒருநாள் கேட்டார். மறுநாள் காலை கடற்கரையிலிருந்து அடம்பன் கொடியைப் பூவோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அது மதியத்துக்குள் வாடிவிடும் பூ. ஆனாலும், “முதலில் பாருங்கள், பிறகு பென்சிலை எடுங்கள்” என்றார். பார்த்தோம். ஐந்து இதழ்கள் தனித்தனியாக இல்லை. புனல் போல ஒன்றாகச் சேர்ந்திருந்தன. விளிம்பிலிருந்து தொண்டை வரை ஐந்து கோடுகள் ஓடின. நிழற்கோடுகளும் அந்த வழியே போகவேண்டும். தொண்டையில் நெருக்கமாக, விளிம்பை நோக்கி மெதுவாக. யன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் தாளை வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். விரலால் தேய்த்து மினுக்கக்கூடாது. நிழல் போடுவது கறுப்படிப்பதல்ல, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அறிவது என அன்று விளங்கிக்கொண்டோம்.

பேராதனைப் பூங்காவில் 38 ஆண்டுகள் செடிகொடிகளை வரைந்த ஹரமானிஸ் டி அல்விஸ் பற்றியும், அந்தப் பணியைத் தொடர்ந்த அவருடைய பிள்ளைகள் பற்றியும் ரீச்சர்தான் சொன்னார். நம் நாட்டுப் பூக்களை உலகத்து அறிஞர்கள் அறிய அவர்களின் கைகளும் உதவின.

1990இல் எங்கள் வகுப்பு சிதறியது. முஸ்லிம் தோழிகள் ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனார்கள். எங்களில் சிலர் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனோம். சித்திரக் கொப்பி ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் மண்டபத்துக் கரையிலும் அடம்பன் பூத்திருந்தது. பிறகு விலாசங்கள் கிடைத்தபோது, கடித ஓரத்தில் அந்தப் பூவை வரைந்து அனுப்பினோம். பெயரைப் படிக்குமுன்பே யாருடைய கோடு என்று தெரிந்துவிடும்.

இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசிப் படத்தைப் பார்த்துப் பூ வரைகிறார்கள். படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க முடியாதே! ஆகவே இந்த நூற்றாண்டில் ஒரு வேண்டுகோள். நீங்கள் வாழும் ஊரில் பூக்கும் ஒரு பூவை நேரில் பார்த்து, பென்சிலால் வரைந்து கல்லூரிக்கு அனுப்புங்கள். கோணலானாலும் பரவாயில்லை. எல்லாவற்றையும் ஒரே கொப்பியாகக் கட்டிச் சித்திர அறையில் வைப்போம்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் ஊர்ப் பேச்சுத்தானே.