புள்ளிக்குப் பின்னால்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பெருமைகளைப் பேசுவதே வழக்கம். ஆரம்பப் பிரிவில் கணிதம் படிப்பித்தவள் நான். அதனால் ஒரு பிழையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது பிள்ளையின் பிழையல்ல, என்னுடையது.

பல வருடங்களுக்கு முன், "0.4, 0.35 இவற்றுள் பெரியது எது?" என்று ஒரு வகுப்பில் கேட்டேன். வாவிக்கரையிலிருந்து வரும் ஒரு பிள்ளை 0.35 என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் புள்ளடி போட்டேன். அதேபோன்ற கணக்குகள் எல்லாவற்றுக்கும் புள்ளடிதான். அந்தத் தவணை முழுவதும் அவள் கை உயர்த்தவேயில்லை. கடைசியில் ஒருநாள் பக்கத்தில் இருத்தி, "ஏன் மகள் இப்படி எழுதின நீங்க?" என்று கேட்டேன்.

"முப்பத்தைந்து நாலைவிடப் பெரிசுதானே ரீச்சர்" என்றாள்.

யோசிக்காமல் எழுதியவள் அல்ல அவள். முழு எண்களில் நாம் சொல்லிக்கொடுத்ததைப் புள்ளிக்குப் பின்னாலும் கொண்டுபோயிருந்தாள்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று விளங்கிய பிள்ளை, 0.45 ஐவிட 0.3 பெரிது என்று சொல்லும். அந்தப் பிள்ளை என் கேள்விக்கு 0.4 என்றே எழுதியிருக்கும். நானும் சரி போட்டிருப்பேன்! விடை சரி, விளக்கம் பிழை.

இன்னும் கேளுங்கள். 2.3 ஐப் பத்தால் பெருக்கினால் 2.30 என்பார்கள். 0.9 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.11 என்பார்கள். 2.5 மணித்தியாலம் இரண்டு மணி ஐந்து நிமிடமாகிவிடும். கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். அது தசமமே அல்ல, ஆனால் புள்ளி அதே புள்ளிதான். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

இலங்கையில் 1872 முதல் நூறு சதம் ஒரு ரூபாய். பிரித்தானியா தன் காசைத் தசம முறைக்கு மாற்றியது 1971 இல்தான். இருந்தும் 2.50 ஐ நாம் இரண்டு ரூபாய், ஐம்பது சதம் என்று இரண்டு முழு எண்களாகவே வாசிக்கிறோம். நடுவில் புள்ளி வேலியாக நிற்கிறது. நம் பாட்டிமாரின் கால், அரைக்கால், மாகாணி எல்லாம் பாதி பாதியாக இறங்கும். தசமம் பத்திலொன்றாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பிள்ளை கண்ணால் காணவேண்டும்.

அன்று நூறு பெட்டி கீறிய தாள் ஒன்றைக் கொடுத்தேன். நான்கு நிரலுக்கு நிறம் தீட்டினாள். பக்கத்தில் இன்னொரு தாளில் முப்பத்தைந்து பெட்டிக்குத் தீட்டினாள். கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, "நாலு எண்டது இங்க நாப்பதா ரீச்சர்?" என்றாள். ஓம் மகள், அவ்வளவுதான்.

தங்கைமாரே, நீங்கள் இன்று எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ பிழையாக ஒரு கணக்கைச் செய்தால், திருத்துமுன் "எப்படிச் செய்தாய்?" என்று ஒருதரம் கேளுங்கள். சரியாகச் செய்தாலும் கேளுங்கள்.

இந்த உரை மலரில் வருமாம். அந்தப் பிள்ளை இதை வாசித்தால் அவளுக்கு ஒரு சொல்: கேட்காமல் போட்ட அந்தப் புள்ளடிகளுக்காக ரீச்சரை மன்னித்துவிடுங்கள், மகள்.