தேடினால் கிடைக்க வேண்டும்

த்வாண்டேயிலிருந்து பேசுகிறேன். இந்த டெல்டா வயல்களில் கண்ணாடிவிரியன் அதிகம். நர்ஸ் என்பதால் பாம்புக்கடி பற்றித் தமிழில் எழுதி இணையத்தில் போட்டேன். கூகுளில் தேடினால் வரவே இல்லை. பிழை என்னுடையதுதான். கட்டுரையைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். முதலுதவிக் குறிப்பைப் படமாக ஏற்றியிருந்தேன்.

பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். நம் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கு வெறும் கிறுக்கல். பர்மியருக்கும் ஸோஜி எழுத்துருவால் இதே தொல்லை. 2019 அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது.

தளம் வைத்திருப்பவர்கள் நான்கு காரியம் செய்யுங்கள். பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள். படத்தில் உள்ளதைக் கீழே எழுத்திலும் கொடுங்கள். ‘முக்கியத் தகவல்’ என்று தலைப்பிடாமல், ‘பாம்பு கடித்தால் என்ன செய்வது?’ என்று தேடுகிறவர் கேட்கிறபடியே போடுங்கள். ஊர்ப்பெயரை இரண்டு விதமாகவும் எழுதுங்கள்: பெரியவர்களுக்கு அது ரங்கூன், பிள்ளைகளுக்கு யாங்கோன். பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் பக்கம் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நடுராத்திரியில் தேடுகிற ஒரு தாய்க்கு இந்த ஒரு வரி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், நாம் எழுதியது மரக்காலுக்குள் வைத்த விளக்குதான்.