கடை வாசலில் கிடந்த 555 புத்தகம்

இந்த நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முதல் இரண்டு வரிசையிலேயே இருக்கிறீர்கள். மருத்துவர்களும் கணினித் துறையினரும் கூடியிருக்கும் இடத்தில், பழைய தாள்களைப் புரட்டிக் காலம் தள்ளும் என்னைத் தலைமை ஏற்கச் சொன்னது ஏற்பாட்டுக் குழுவின் பெருந்தன்மை. பெருமையாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் உதறலும் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் குளிரூட்டிய மண்டபத்தை அமர்த்தாமல், தாசேக் கெலுகோருக்கு எங்களை வரவழைத்ததற்குத் தனி நன்றி. நான் பேச வந்த விஷயம் இந்தப் பக்கத்துக் கடைவாசல்களில்தான் கிடந்தது.

'நோய்ப்பரவல் காலத்தில் கைப்பேசிவழிச் சுகாதாரம்' என்பது மாநாட்டின் தலைப்பு. 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரலில் மைசெஜாத்ரா செயலி. அடுத்த மாதமே சிலாங்கூரில் செலங்கா, நம் பினாங்கு மாநிலத்தில் பிஜிகேர். ஆகஸ்டில் கூட்டரசு மைசெஜாத்ராவைக் கட்டாயமாக்கியது. 2021இல் தடுப்பூசிப் பதிவும் அதிலேயே நடந்தது. 2022 மே 1 முதல் வாசலில் ஸ்கேன் செய்யத் தேவையில்லை என்றார்கள். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். கட்டுரையாளர்களும் விரிவாகச் சொல்வார்கள். நான் கடக்கிறேன்.

நான் நிற்க விரும்பும் இடம் கடை வாசலில் ஸ்கேன் செய்ய ஒட்டியிருந்த கியூஆர் தாளுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசை. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் பெயரும் எண்ணும் எழுத அங்கே ஒரு புத்தகம் இருந்தது. பெரிய கடைகளில் கட்டம் போட்ட பேரேடு. ஒட்டுக்கடைகளில் கடன் கணக்கு எழுதும் அதே 555 குறிப்பேடு. நூலில் கட்டிய பேனா. நம் துறையில் இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டவர்கள் அரிது. இரண்டாம் வரிசையில் இருக்கும் என் மதிப்புக்குரிய பேராசிரிய நண்பர் அதைக் குப்பை என்றே எழுதினார். கையெழுத்து புரியாது, பெயர் பொய், தேட முடியாது என்பவை அவர் சொன்ன காரணங்கள். அவர் எழுதியதை மரியாதையோடுதான் படித்தேன், இரண்டு முறை.

பொய் இருந்தது, மறுக்கவில்லை. உடல் வெப்பம் 36.4, 36.4, 36.4 என்று பக்கம் முழுக்க ஓடும். மேலே இருந்தவர் எழுதியதைப் பார்த்துக் கீழே இருந்தவர் எழுதியது. ஆனால் ஸ்கேன் செய்வதுபோல் கைப்பேசியை நீட்டிவிட்டு உள்ளே போனவர்களை நண்பர் பார்த்ததே இல்லையா? அந்தப் பொய் எங்கும் பதிவாகவில்லை. 36.4 பதிவாகியிருக்கிறது.

இன்னொன்று, அந்தப் பக்கங்களில் ஒரே கையெழுத்தில் நான்கு பெயர், நான்குக்கும் ஒரே எண் என்று வரும். பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டு அக்காவுக்கெல்லாம் சேர்த்து ஒரு பேத்தி எழுதியிருப்பாள். ஒரு குடும்பத்துக்கு எத்தனை கைப்பேசி, அது யார் கையில் இருந்தது என்பதை எந்தச் செயலியின் பதிவிறக்கக் கணக்கு இவ்வளவு துலக்கமாகச் சொல்லும்? இந்தியாவில் ஆரோக்கிய சேது செயலி வந்த அடுத்த மாதமே சாதாரண போன்காரர்களுக்காக 1921 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கும் ஏற்பாடு செய்தார்கள். சிங்கப்பூரில் முதியவர்கள் கையில் தொடர்புத் தடமறியும் டோக்கன் கொடுத்தார்கள். நமக்கு அந்த வேலையைச் செய்தது 555.

தேட முடியாது என்றார் நண்பர். நாம் தேடித்தான் கண்டோமா? 2021 மே மாதம், மைசெஜாத்ரா பதிவுகளை வைத்துத் தொற்று அபாயமுள்ள இடங்களைக் கணித்த ஹைட் பட்டியல் வந்தபோது பேரங்காடிக்காரர்கள் கொதித்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் அங்கே தொற்றுத் திரள் இருக்கிறது என்று அர்த்தமில்லை என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பது வாசல் ஸ்கேனுக்குத் தெரியாது. மாவட்டச் சுகாதார அலுவலக ஊழியர் எண்ணை அழுத்தி, "அண்ணே, செவ்வாய்க்கிழமை யாரோட சாப்பிட்டீங்க?" என்று கேட்டால்தான் தெரியும். அதற்கு வேண்டியது ஓர் எண். அதைப் புத்தகமும் கொடுத்தது. பெருந்தொற்றில் கைப்பேசி செய்த பெரிய மருத்துவ வேலை இந்தப் பேச்சுதான் என்பது என் கட்சி. செயலிகளைப் பற்றி அடுக்கியிருக்கும் ஆய்வுகளில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே பெரிது.

அந்தரங்கம் என்பார் நண்பர். உண்மை, பின்னால் நிற்பவர் ஒரு பெண்ணின் எண்ணைப் படித்துவிடலாம். சின்ன விஷயமல்ல. ஆனால் மைசெஜாத்ராவில் ஒரு 'சூப்பர் அட்மின்' கணக்கு வழியாக 30 லட்சம் பேரின் விவரம் இறக்கப்பட்டதைத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை 2023இல் வெளிக்கொண்டு வந்தது. 555ஐப் படிக்க அந்த மேசைக்காவது வரவேண்டும்.

வாசல் ஸ்கேன் பதிவுகள் 90 நாளில் அழிக்கப்படும் என்பது அன்றைய ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அப்படியானால் வரலாறு எழுதுபவனுக்கு மிஞ்சுவது பழைய பேப்பர்காரருக்குப் போகாமல் தப்பிய புத்தகங்கள் மட்டும். வட செபராங் பிறைக் கடைக்காரர்களிடம் இருப்பதைக் கேட்டு வாங்கி, எண்களை மறைத்து, ஒரு நூலகத்தில் சேர்க்க இந்த மாநாடு தீர்மானம் போட வேண்டும். வரைவு என் சட்டைப்பையில் இருக்கிறது. முன்மொழிவது நான், வழிமொழியப் பேராசிரிய நண்பரையே அழைக்கிறேன். மறுப்பதானால் அவருடைய அமர்வு பிற்பகல்தான், நேரம் இருக்கிறது.