கல்லமேட்டின் எலும்புகளும் ஓசூரின் கைகளும்



ஓசூரை அடுத்த இந்தப் பாகலூரில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் டைனோசர் எலும்பு கிடைக்காது. நம் காலடியில் கிடப்பது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய உருமாறிய பாறை. அது உருவான நாளில் எலும்புள்ள உயிர் எதுவும் பிறக்கவில்லை. பிறகு ஏன் இந்த ஊரில் டைனோசர்கள் பற்றிய இந்தக் கருத்தரங்கு? அந்தக் கேள்விக்கு விடை சொல்வதே என் தலைமை உரை.

தமிழகத்தின் டைனோசர் ஏடு அரியலூரில் இருக்கிறது. அங்கே கடல் பின்வாங்கிய பின் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும் கல்லமேடு படிவமாக நிற்கின்றன. டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிவதற்குச் சற்று முந்தைய காலம் அது. நிலவியலாளர் பிளான்போர்டு 1862-இல் இப்பகுதியின் பாறைகளை விரிவாக எழுதினார். நிலவியலாளர் மாட்லி 1929-இல், அரியலூரை உள்ளடக்கிய அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்ட டைனோசர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார்.

கல்லமேட்டில் கிடைத்தவற்றில் சிறியது ஒன்றும் பெரியது ஒன்றும் நமக்குப் பாடம்.

சிறியது, ஒற்றைப் பல். ட்ரூடான்டிட் என்னும் டைனோசர் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கோஸ்வாமி, பிரசாத் முதலிய ஆய்வாளர்கள் 2013-இல் அறிவித்தார்கள். அதுவரை வடகண்டங்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட குடும்பம் அது. கடலில் தனித்து மிதந்துகொண்டிருந்த இந்திய நிலத்திலும் அவ்வினம் வாழ்ந்தது என்றால், கண்டங்களின் வரலாற்றையே திரும்பப் படிக்க வேண்டும். ஒரு பல்லுக்கு அவ்வளவு வலிமை.

பெரியது, புருகத்காயோசாரஸ். ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் விவரித்துப் பெயரிட்ட விலங்கு. முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது. பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று தெளிந்தது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம்.

அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரத்தில் ஊறி நொய்ந்துபோயிருந்த அவை, மண்ணைவிட்டு எடுத்தபின் பொடிந்துவிட்டன. நெடுங்காலம் அச்சில் இருந்தவை சில கோட்டுப் படங்களும் அளவுகளும் மட்டுமே. அதனால்தான் அது எலும்பா, கல்லாகிப்போன மரமா என்ற ஐயம்கூட எழுந்தது. பழைய களப் புகைப்படங்கள் 2022-இல் அச்சேறிய பிறகே வாதத்துக்குப் பிடிமானம் கிடைத்தது. ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் மண் காத்த ஒன்றை நம்மால் ஒரு தலைமுறைகூடக் காக்க முடியவில்லை. கண்டெடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. எலும்பின் வடிவைப் பதிவுசெய்யும் கருவிகள் அன்று அவர்களிடம் இல்லை.

அந்தக் கருவிகள் இன்று ஓசூரில் இருக்கின்றன. மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளக்கும் இயந்திரங்களோடும் முப்பரிமாண ஸ்கேனர்களோடும் நாள்தோறும் பழகும் கைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. எலும்பு மண்ணில் கிடக்கும்போதே அதன் வடிவைப் பதிவு செய்துவிட்டால், நாளை அது உதிர்ந்தாலும் சான்று உதிராது. அரியலூரின் பாறையும் ஓசூரின் தொழில்நுட்பமும் ஒரே மேடையில் சந்திக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே கூடியிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டைகள் என்று ஊரே திரண்டது. அவை பழங்கடல் படிவுகளைச் சேர்ந்த உருண்டைகள், முட்டைகள் அல்ல என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். மக்களின் ஆர்வத்தில் பிழையில்லை. அந்த ஆர்வத்துக்கு வழிகாட்டும் எளிய தமிழ்க் கையேடு இல்லை என்பதே பிழை. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டும் தம்பிதான் அடுத்த எலும்பை முதலில் பார்ப்பான். அதை அவன் அடையாளம் காண வேண்டும். வேலையை நிறுத்தி யாரிடம் சொல்வது என்றும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இந்த அவையிடம் இரண்டு வேண்டுகோள். களத்திலேயே எலும்புகளை உறுதியாக்கவும் ஸ்கேன் செய்யவும் வல்ல ஒரு பயிற்சிக் குழுவை இங்கிருந்து உருவாக்குங்கள். சுரங்கத் தொழிலாளருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் படங்களுடன் ஒரு தமிழ்க் கையேட்டை எழுதுங்கள். கல்லமேட்டில் அடுத்து வெளிப்படும் எலும்பாவது நம் பேரப்பிள்ளைகளின் கண்ணுக்குக் கிடைக்கட்டும். இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.